பஸ்ஸுக்குச் சொன்னது, மலைக்கு இல்லை

சேசு மரி சூசை துணை

கோவில்பட்டி
14-4-1983

அன்பு மகள் பிலோமிக்கு, அம்மா சந்தனமேரி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் இன்னாசிராஜ் குடும்பமும் மாதா கருணையால் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் அப்படியே இருக்கவேண்டும் என்று செபமாலையில் ஒரு மணி தினமும் உனக்கென்று உருட்டுகிறேன். ஊரில் மழை இல்லை. ஈஸ்டருக்கு முந்தின நாள் நாலு தூறல் போட்டுத் தரையின் சூட்டைக் கிளப்பிவிட்டுப் போனது, அவ்வளவுதான். கரிசல் எல்லாம் வாய் பிளந்து கிடக்கிறது, உன் அண்ணன் மகன் உருட்டிய கோலிக்குண்டு வெடிப்புக்குள் போய் இன்னும் எடுக்கமுடியவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாள் யாருக்கும் தெரியாது, குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காவல் இருக்கிறோம். போன கோடையில் என் குடத்தைப் பின்னால் நகர்த்தி வைத்தாளே வெயிலம்மாள், அவள் குடம் இப்போது எனக்கு அடுத்துத்தான் இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் கடிதம் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒரு தடவை படித்தது மண்டையை விட்டுப் போகாது. இதை மட்டும் எத்தனை தடவை படித்தாலும் விளங்கவில்லை. டிரில் டீச்சர் வேலைக்கு என்றுதானே அந்தக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், பிள்ளைகளுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுப்பாய் என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், அதற்கு முதலில் நீ மலையேறிப் பழகித் தேறவேண்டும் என்கிறார்கள். சரி. போன மாதம் வெள்ளோட்டம் பார்க்கப் பனிமலைக்குக் கூட்டிப்போனார்கள், சாயங்காலம் தலை சுற்றி வாந்தி எடுத்து விழுந்துவிட்டேன், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள் என்று நீ ஒரே வரியில் எழுதிவிட்டாய். அந்த ஒரு வரியைத் தாண்ட எனக்கு ஒரு பொழுது ஆனது. உடம்பில் தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம், காலையில் நிரப்பிய பாட்டிலைச் சாயங்காலம் திறந்தால் வாய் வரைக்கும் கல்லாக உறைந்திருந்ததாம். அடுத்த மாதம் பெரிய மலைக்கு இன்னொரு முறை கூட்டிப்போவார்கள், அங்கேயும் விழுந்தால் அந்த வேலை வேறு டீச்சருக்குப் போய்விடும், உனக்கும் நிரந்தரம் ஆகாது. எந்தப் பாட்டில் வாங்குவது என்றே தெரியவில்லை அம்மா, ஒருவர் அலுமினியம் என்கிறார், ஒருவர் பிளாஸ்டிக் என்கிறார், ஒருவர் பிளாஸ்க் என்கிறார் என்று எழுதி உன் குழப்பத்தில் பாதியை எனக்கும் தபாலில் அனுப்பிவிட்டாய். வேலை போனால் போகட்டும், உயிரோடு ஊருக்கு வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், வேண்டாம் என்று சொன்னால் இதைவிட உயரமான மலையாகப் பார்த்து ஏறுவாய். அதனால் பாட்டிலை நானே பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் எனக்குப் புரியாதது, மலை முழுக்கத் தண்ணீர் கொட்டிக் கிடக்கிற இடத்துக்கு எதற்குத் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகவேண்டும் என்பது. குனிந்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் ஆயிற்று. நீயோ பனியைத் தின்னக்கூடாது, உடம்புச் சூடு போய்விடும், தாகமும் தீராது என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணனிடம் கேட்டேன், பஞ்சு மில்லிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், நம் உப்புக் கிணறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அது கொஞ்சம் விளங்கியது. அந்தக் கிணற்றில் எந்தக் கோடையிலும் தண்ணீர் நிற்கும், மாட்டைக் கழுவலாம், துணி அலசலாம், ஒரு வாய் குடிக்கமுடியாது, எட்டிப் பார்த்துக்கொண்டே தாகத்தோடு நிற்கவேண்டும். அப்படியென்றால் சுமந்துதான் போகவேண்டும், அது நமக்குப் புதிது இல்லை.

அல்லாபிச்சை பாய் பாத்திரக் கடைக்குப் போனேன். நீ முதல் நற்கருணை எடுத்த புதுநன்மைப் பூசைக்கு வாங்கிய தூக்குச்சட்டி முதல் நாளே ஒழுகி ரசமெல்லாம் என் சேலையில் வடிந்ததே, அந்தக் கடைதான். அதற்குப் பிறகு அங்கே நான் ஒரு கரண்டி வாங்கியதில்லை. அவரும் மறக்கவில்லை, என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் மலைக்குப் போகிறாள், தண்ணீர் கொண்டுபோக ஏனம் வேண்டும் என்றேன். எந்த மலை, கழுகுமலையா குருமலையா என்று கேட்டார். இமயமலை என்றேன். எனக்குப் போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், வைக்க வைக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தோளில் மாட்டுகிற பிளாஸ்டிக் பாட்டில், மூடிதான் டம்ளர், வாய் சின்னது, அண்ணாந்து குடிக்க வசதி என்றார். மலைக்காற்றில் அண்ணாந்தால் தண்ணீர் மூக்கில்தான் போகும், கையில் கம்பளி உறை வேறு போட்டிருப்பாய், அந்தச் சின்ன மூடியை எப்படித் திருகுவாய். வாய் அகலமாக இருந்தால் திருகலாம், உறைந்தாலும் கரண்டியால் குத்தி எடுக்கலாம், ஆனால் அகல வாயில் அண்ணாந்து குடிக்கமுடியாது, வாய் வைத்துத்தான் குடிக்கவேண்டும், கூட வருகிறவர்கள் ஒரு வாய் கேட்டால் எச்சிலைக் கொடுப்பாயா. பிளாஸ்க்கில் வெந்நீர் ஆறாது, ஆனால் உள்ளே கண்ணாடி, நீ விழுந்தால் தண்ணீரோடு அதையும் சேர்த்துக் குடிப்பாய். அலுமினியம் உடையாது, ஆனால் அந்தக் குளிரில் உதடு அதில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோல் வரும் என்று நீயே எழுதியிருக்கிறாய், உதடு ஒட்டுகிற ஏனத்தை நான் என் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை. போதாக்குறைக்குப் பாட்டிலைத் தலைகீழாக வைக்கவேண்டும், தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அப்போதுதான் வாய் அடைக்காது என்று உங்களுக்கு மலையேறக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் சொன்னாராம். இதைப் பாயிடம் சொன்னதும், தலைகீழாக வைத்தால் ஒழுகுமே என்றார். ஒழுகுவதைப் பற்றி உமக்குத் தெரியாததா என்று கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தங்கசாமி வந்தான், அவன் இப்போது லாரி ஓட்டுகிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெரியம்மா, பாட்டிலும் வேண்டாம் கீட்டிலும் வேண்டாம், நாங்க நாக்பூர் வரைக்கும் வண்டி ஓட்டுதோம், எங்களுக்கு இதுதான் தண்ணி குடுக்குது" என்று லாரியின் முன்னால் தொங்கவிடுகிற கித்தான் பையைக் கழற்றிக் கொடுத்தான். உடையாது, மடித்து வைக்கலாம், கனமே இல்லை. நிரப்பி வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். விடிந்து குடித்துப் பார்த்தால் பல் கூசுகிறது, நம் மண்பானை அதனிடம் தோற்றுப்போகும். தெருவில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன், வெயிலம்மாளுக்குக்கூடக் கொடுத்தேன், என் மகள் இதைத்தான் இமயமலைக்குக் கொண்டுபோகப் போகிறாள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன், எல்லாரும் நல்லது நல்லது என்று குடித்தார்கள். மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றும்போதுதான் புத்தியில் பட்டது. நம் ஊரில் ஏனம் என்றால் தண்ணீரைக் குளிர வைக்கவேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு யோசிக்கத் தெரியவில்லை. பாய், தங்கசாமி, நான், தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, குளிரில் விழுந்தவளுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பப் பார்த்திருக்கிறோம். பையைத் தங்கசாமியிடமே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் எங்கள் அப்பாவின் கூஜா நினைவு வந்தது. நினைவு வந்தது என்ன, மறந்திருந்தால்தானே. பித்தளை, உள்ளே ஈயம் பூசியது, திருகு மூடி, தலைகீழாக ஆட்டினாலும் சொட்டு வராது. விளாத்திகுளத்துக்குப் பருத்தி ஏற்றிக்கொண்டு போகும்போது அப்பா அதில் சுக்கு வெந்நீர் கொண்டுபோவார், மேலே சாக்குத் துணி சுற்றியிருப்பார், மத்தியானம் வரைக்கும் சூடு இருக்கும். இது சந்தனத்துக்கு என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவர் அவர். அவர் கல்லறையில் மண் காயுமுன்னே அது கயத்தாற்றுக்குப் போய்விட்டது. என் அண்ணன் பாக்கியசாமியின் பொண்டாட்டி, உன் கயத்தாற்று அத்தை மிக்கேலம்மாள், ஊதா ரவிக்கை போட்டிருந்தாள், பிள்ளையை வைக்கிற மாதிரி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினாள். அன்று முதல் அவளோடு எனக்குப் பேச்சு இல்லை, கல்யாணம் சாவு என்றால் ஒரு கும்பிடு, அவ்வளவுதான். உனக்காக அந்த வாசற்படி ஏறினேன், அதை நீ நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அண்ணன் வீட்டில் இல்லை. அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வா என்றாள், உட்கார்ந்தேன். கூஜா வேண்டும், பிலோமிக்கு என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய் எடுத்துவந்து முன்னால் வைத்தாள், புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். வெறும் கூஜாவே ஒரு பிள்ளைக் கனம். அப்பாவுக்கு மாட்டுவண்டி சுமந்தது, நீ உன் முதுகில் அல்லவா சுமக்கவேண்டும், பித்தளையிலும் உதடு ஒட்டாது என்று என்ன நிச்சயம். இத்தனை வருஷம் மனசில் தூக்கிக்கொண்டு திரிந்த பொருள் கைக்கு வந்துவிட்டது, வந்தால் ஒன்றுக்கும் ஆகாது. நான் விழிப்பதைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டாள். அவளிடம் சொல்லக்கூடாது என்றுதான் போயிருந்தேன், சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "சாயங்காலம் பாட்டிலு நெறைஞ்சு இருந்துச்சா, கொறைஞ்சு இருந்துச்சா" என்று கேட்டாள். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது, எடுத்து எழுத்துக் கூட்டி அந்த இடத்தைப் படித்தேன். "வாய் வரைக்குமா" என்றாள். வாய் வரைக்கும் என்றேன். "காலையில ஊத்துன தண்ணி ஊத்துன ஒடனேயா கல்லாப் போகும். மத்தியானம் வரைக்கும் தண்ணியாத்தான இருந்திருக்கும், ஒரு மடக்குகூடவா எறங்கல. கூடப் போன பொம்பளைய எத்தனை பேரு" என்றாள். அதையும் தேடிப் படித்தேன். நானும் ஒரு பெங்காலிப் பெண்ணும்தான், மற்ற எல்லாரும் ஆண்கள், எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டி நடத்திப்போனார்கள், ஒரு மரம் ஒரு செடி கிடையாது, கண்ணுக்கு எட்டின மட்டும் வெட்டவெளியாக வெள்ளை வெளேர் என்று அழகாக இருந்தது அம்மா என்று எழுதியிருக்கிறாய். அவள் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். "ஏட்டி சந்தனம், அவளுக்குப் பாட்டிலு இல்லாம இல்ல. மறைவு இல்ல" என்றாள்.

அவள் என்னை ஏட்டி என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று, அதற்குக் கோபப்படக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. பிலோமி, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் முடியாது, படித்துவிட்டுக் கிழித்துப் போடு. நம் பெண்கள் எல்லாரும் செய்கிறதைத்தான் நீயும் செய்திருக்கிறாய். பருத்தி எடுக்கப் போனால் வரப்பில் கங்காணி நிற்பான், பொழுது சாய்கிற வரைக்கும் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் காலையிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம், நாக்கு ஒட்டினால் எச்சிலை விழுங்கிக்கொள்வோம். நீ பள்ளிக்கூடப் போட்டிக்குத் திருநெல்வேலிக்குப் போனபோது, வழியில் தண்ணீர் குடிக்காதே, நாக்கை நனைத்துக்கொள், போதும் என்று உனக்குச் சொல்லி அனுப்பினேன், நீயும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டு ஓட்டத்தில் பரிசு வாங்கிவந்தாய். ஆனால் அது பஸ்ஸுக்குச் சொன்னது, மலைக்கு இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு போகிறதற்கும் நாள் முழுக்கப் பனியில் ஏறுகிறதற்கும் ஒரே சட்டமா. இவ்வளவு படித்தவள், உனக்குத் தெரியவேண்டாமா. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பழியைப் பாட்டில் மேல் போட்டு எழுதியிருக்கிறாய், நானும் அதை நம்பிக் கடைகடையாக ஏறி இறங்கியிருக்கிறேன்.

பிறகு உன் அத்தை, மாதா கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போனோமே, நினைவு இருக்கிறதா என்று கேட்டாள். கூஜா போனதற்கு மறுவருஷம் அது. ஒரே வண்டியில் போய்த் திரும்புகிற வரைக்கும் நானும் அவளும் முகத்துக்கு முகம் பார்க்கவில்லை. ஆனால் பொட்டலில் வண்டியை நிறுத்தினால் அவள் இறங்கிப் போவாள், நான் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அப்புறம் நான் போவேன், அவள் பிடிப்பாள், ஒரு வார்த்தை கிடையாது. பேச்சு வேறு, சேலை பிடிப்பது வேறு. எல்லாம் என் நினைவில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறவள் நான், இதை மட்டும் அவள் சொல்லித்தான் நினைத்துக்கொண்டேன்.

அதனால் உனக்கு வருகிற பார்சலில் பாட்டிலோடு ஒரு சேலையும் இருக்கும், பார்த்துவிட்டு நீ குழம்பாதே. என் சேலை எல்லாம் வெள்ளை மல், உங்கள் அப்பா போன பிறகு வேறு கட்டுவதில்லை என்று உனக்குத் தெரியும், வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே இருக்கிறது நிழலாகத் தெரியும். உன் அத்தைதான் தன் பெட்டியிலிருந்து கெட்டிக் கண்டாங்கி ஒன்றை எடுத்து, இரட்டையாக மடித்து, இரண்டு ஓரத்திலும் கம்பு நுழைகிற மாதிரி உறை தைத்துக் கொடுத்தாள். நீங்கள் ஊன்றி நடக்கிற கம்பை இரண்டு பக்கமும் சொருகிப் பனியில் நட்டால் காற்றுக்கும் நிற்கும் என்கிறாள், நிற்குமோ என்னவோ, அந்தப் பெங்காலிப் பெண் பிடித்துக்கொள்ளட்டும், அவளுக்கு நீ பிடி. அவளும் ஒரு மடக்கு குடித்திருக்கமாட்டாள், வேண்டுமானால் கேட்டுப்பார். கயிற்றில் கட்டியிருக்கிறார்களே, கழற்றாமல் எப்படி என்று நான் கேட்டேன், அது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதை நீ உங்கள் வாத்தியாரிடம் வாயைத் திறந்து கேள். நடுவில் எங்களுக்கு நிறுத்தவேண்டும், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கவேண்டும் என்று சொல். சொல்ல வெட்கப்பட்டு நீ விழுந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களும் ஆண்கள்தானே, போன மாதம் அப்படித்தானே ஆயிற்று.

பாட்டில் விஷயம் இது. திரும்பி வரும்போது பாய் கடையில் இறங்கினேன், அவரும் உன்னைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரிக்கு மருந்து வருகிற கெட்டி வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி வைத்திருந்தார், வாய் அகலம், மூடி நல்ல திருகு. வெந்நீர் ஊற்றிப் பார்த்தோம், நெளியவில்லை. அதை மூடித் தன் வெள்ளை வேட்டி மடியில் தலைகீழாக வைத்துக்கொண்டே இரண்டு பேருக்கு வியாபாரம் பார்த்தார், ஒரு சொட்டு வரவில்லை. "தூக்குச்சட்டிக்கு இது சரியாப் போச்சாம்மா" என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மருந்து வாடை போகச் சாம்பலும் புளியும் போட்டு ஊறவைத்துக் கழுவிவிட்டேன். நம் வீட்டுப் பஞ்சை வைத்து அதற்கு ஒரு சட்டையும் தைத்தாயிற்று. ஐஸ்காரனும் ஐஸ் கரையாமல் இருக்கச் சாக்குத்தான் சுற்றுகிறான், நானும் தண்ணீர் ஐஸ் ஆகாமல் இருக்கத் துணிதான் சுற்றுகிறேன், இது எப்படி இரண்டுக்கும் ஆகும் என்று கேட்டால் எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் சுக்கு வெந்நீர் ஆறாமல் இருந்ததே என்ற தைரியத்தில் அனுப்புகிறேன். சட்டையை நனையவிடாதே, காலையில் வெந்நீராக ஊற்றிக்கொள், பைக்கு வெளியே தொங்கவிடாமல் கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொள், வாய் வைத்தே குடி, எச்சில் பார்க்காதே. இதில் ஏதாவது தப்பாக இருந்தால் பாட்டில் விஷயத்தில் வாத்தியார் பேச்சைக் கேள், சேலை விஷயத்தில் என் பேச்சைக் கேள்.

கூஜாவை எடுத்துக்கொண்டு போ என்று உன் அத்தை பஸ் ஏறுகிற வரைக்கும் சொன்னாள். நான் வேண்டாம் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் பிறகு எதை வைத்து அவளோடு பேசாமல் இருப்பது.

வேளைக்குச் சாப்பிடு. தலையை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, மலையில் கோயில் இல்லாவிட்டால் நின்ற இடத்தில் ஒரு அருள் நிறை மந்திரம் சொல். மாதா தன் முக்காட்டை விரித்து உன்னையும் அந்தப் பெங்காலிப் பெண்ணையும் காக்கட்டும். முக்கியமாக ஒன்று, பெரிய மலையிலிருந்து இறங்கியதும் சாயங்காலம் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடு. பாட்டில் காலி என்று மட்டும் எழுது, அது போதும். தேறினாயா இல்லையா என்பதை அப்புறம் சாவகாசமாக எழுதலாம்.

உன்னைப் பெற்ற அம்மா,
ம. சந்தனமேரி

பின்குறிப்பு: சேலை உன் அத்தையுடையது. திருப்பித் தரவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் ஊருக்கு வரும்போது துவைத்து மடித்து நீயே கொண்டுபோய் அவள் கையில் கொடு. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது.